தனித்தனியாகவோ சேர்த்தோ

போன நவம்பரில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஸ்பின் ஓடும்போது மட்டும் ஜெட் கிளம்புகிற மாதிரி இரைய ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பையில் கிடந்த சில்லறை உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். கதவைத் திறந்து டிரம்மைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடுகிறது. பேரிங் போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கல் படித்திருக்க வேண்டியதில்லை, ஊரில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள்.

நான் இருப்பது ஜெர்மனியில், நியூரம்பெர்க் பக்கம். மெஷின் வாங்கியது 2021 கடைசியில், 479 யூரோவுக்கு. இரண்டு வருஷ உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்து, வந்து பார்ப்பதற்கு மட்டும் 90 யூரோ என்பதற்கு ஒத்துக்கொண்டு, பத்து நாள் காத்திருந்த பிறகு டெக்னீஷியன் வந்தார். நல்ல மனிதர். ஒரு நிமிஷம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "பேரிங் தனியாக வராது, டிரம், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டி, பேரிங் மூன்றும் சேர்ந்து ஒரே பாகம்" என்றார். தொட்டியின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருக்கிறார்களாம், திருகே கிடையாது. பாகம், கூலி, வரி எல்லாம் சேர்த்து 410 யூரோ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "நானாக இருந்தால் புதுசு வாங்குவேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்று ராத்திரி ஆன்லைனில் பார்த்தேன். அந்த அளவு பேரிங் இரண்டும் அதற்கான ரப்பர் சீலும் சேர்த்து 18 யூரோ.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பேரிங் போனா பேரிங்கை மாத்த வேண்டியதுதானே, எதுக்குடா மெஷினை மாத்துற?" என்றார். நாற்பது வருஷமாக ஒரே கிரைண்டரை பெல்ட் மாற்றி, மோட்டாருக்குக் காயில் கட்டி ஓட்டுகிறவரிடம் இதை எப்படி விளக்குவது. உருக்கி ஒட்டிய தொட்டி என்றேன். "ஏன் ஒட்டினாங்க?" என்றார். அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களுக்குள் மாட்டிக்கொண்டேன். இரண்டு மாதமாக வெளியே வரவில்லை.

முதலில் தெரிந்துகொண்டது, என் மெஷினுக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது என்பது. 2021 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் கிடைத்தே ஆக வேண்டும். வாஷிங் மெஷின் என்றால் அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது பத்து வருஷம், ஃப்ரிட்ஜுக்கு ஏழு வருஷம். ஆர்டர் கொடுத்தால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். சாதாரணக் கருவிகளை வைத்து, மெஷினை உடைக்காமல் மாற்ற முடிய வேண்டும். படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. எந்தெந்த பாகம் என்று ஒரு பட்டியலும் இணைத்திருக்கிறார்கள்: மோட்டார், கார்பன் பிரஷ், பம்ப், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் என்று போகிறது. அதில் டிரம்மும் அதன் பேரிங்குகளும் இருக்கின்றன. அப்புறம் அடைப்புக்குறிக்குள் இரண்டு வார்த்தை: தனித்தனியாகவோ சேர்த்தோ.

அவ்வளவுதான். அந்த "சேர்த்தோ" இருக்கிற வரை பேரிங்கைத் தொட்டிக்குள் வைத்து ஒட்டி, மொத்தத்தையும் ஒரே பாகமாக எவ்வளவு விலைக்கு விற்றாலும் சட்டப்படி சரி. கம்பெனி எந்த விதியையும் மீறவில்லை. உதிரி பாகம் இருக்கிறது, 15 நாளில் வந்துவிடும், ஸ்க்ரூடிரைவர் வைத்து மாற்றிவிடலாம். விலைதான் மெஷின் விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த இரண்டு வார்த்தை யார் கேட்டு உள்ளே வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நுகர்வோர் கேட்டு வந்திருக்க வாய்ப்பில்லை.

ஒட்டுவதற்கு காரணம் இல்லாமலும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபது முப்பது திருகும் நடுவே ஒரு ரப்பர் வளையமும் வைத்து மூடுவதைவிட, இரண்டு பாதியையும் சூடாக்கி அழுத்தி ஒட்டுவது தொழிற்சாலையில் சில வினாடி வேலை. தண்ணீர் கசியவும் வாய்ப்புக் குறைவு. மெஷின் விலை 479இல் நின்றது என்றால் அதில் இதற்கும் பங்கு உண்டு. மெஷின் செய்கிறவனுக்கு மிச்சமான சில வினாடிக்கு நான்கு வருஷம் கழித்து நான் 410 யூரோ தர வேண்டியிருக்கிறது, கணக்கு அவ்வளவுதான்.

இந்த இடத்தைத்தான் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தன் ஆவணங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறது: ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு உண்டாக்கும் பாதிப்பில் 80 சதவீதம் வரை அதை வரைகிற மேஜையிலேயே முடிவாகிவிடுகிறதாம். அதனால் குப்பைத் தொட்டிப் பக்கம் நின்று பிரித்துப் போடு, சேர்த்துப் போடு என்று சொல்வதை மட்டும் செய்துகொண்டிராமல், மேஜைப் பக்கமே போய் நிற்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று பெரிய பெயர் வைத்திருப்பதன் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் இதுதான்.

ஆரம்பத்தில் அவர்களுக்கும் கரண்ட் மட்டும்தான் கண்ணில் பட்டது. 2005இல் வந்த முதல் ஈகோ டிசைன் (சுற்றுச்சூழலை மனதில் வைத்து வடிவமைப்பது) சட்டத்தின் பெயரே "ஆற்றலைப் பயன்படுத்தும் பொருட்கள்" பற்றியது. அதை வைத்துத்தான் 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பில் தொடங்கி 2012க்குள் எல்லாக் குண்டு பல்பையும் படிப்படியாக நிறுத்தினார்கள். ஜெர்மன்காரர்கள் பல்பைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். இரண்டு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், "இது பல்பே இல்லை, இது சின்ன ஹீட்டர், பெரும்பகுதி சூடுதான் தருகிறது, வெளிச்சம் அதில் தவறிப்போய் வருவது" என்று சொல்லி 'ஹீட்பால்' என்ற பெயரில் 2010இல் இறக்குமதி செய்து விற்றார்கள். அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். இயற்பியல்படி அவர்கள் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் வேக்யூம் கிளீனர். 2014 செப்டம்பரில் 1600 வாட்டுக்கு மேல் கூடாது என்றார்கள், 2017 செப்டம்பரில் 900 வாட். பிரிட்டன் பத்திரிகைகள் பிரஸ்ஸல்ஸ் (ஒன்றியத்தின் தலைமையகம்) நம் வீட்டுக்குள் புகுந்து துடைப்பத்தைப் பிடுங்குகிறது என்கிற அளவுக்கு எழுதின. உண்மையில் அதற்கு முன்பு வாட் எண் பெட்டி மேல் போடுகிற விளம்பரமாக இருந்தது, அதிக வாட் என்றால் அதிகம் உறிஞ்சும் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. எனர்ஜி லேபிளுக்கான சோதனையைத் தூசி இல்லாத காலிப் பையோடு நடத்தினார்கள். வேக்யூம் கிளீனர் செய்கிற டைசன் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது, 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த லேபிள் விதியையே ரத்து செய்தது. வேக்யூம் கிளீனரைத் தூசியே இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்த அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருக்க ஆசைப்படுகிறேன்.

இப்போது இருக்கும் சட்டம் 2024 ஜூலை 18 முதல் அமலில் இருக்கிறது. நிலைத்த பொருட்களுக்கான ஈகோ டிசைன் ஒழுங்குமுறை, சுருக்கமாக இஎஸ்பிஆர். கரண்ட் என்ற வட்டத்தைத் தாண்டி, உணவு, தீவனம், மருந்து மாதிரி சிலவற்றைத் தவிர ஏறக்குறைய எந்தப் பொருளுக்கும் விதி போடலாம்: எத்தனை நாள் உழைக்க வேண்டும், கழற்ற முடிய வேண்டுமா, மறுசுழற்சி செய்த மூலப்பொருள் எவ்வளவு இருக்க வேண்டும், எல்லாம். சட்டம் தன்னளவில் வெறும் சட்டகம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி விதி பின்னால் வர வேண்டும். 2025 ஏப்ரலில் போட்ட ஐந்தாண்டுத் திட்டத்தில் இரும்பு, அலுமினியம், துணி, பர்னிச்சர், டயர், மெத்தை ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவர்கள் மெத்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். நியூரம்பெர்க்கில் ஒருமுறை வீடு மாற்றிப் பாருங்கள், தெருவோரம் கிடப்பதில் பாதி மெத்தையும் சோபாவும்தான். நுரையும் துணியும் ஸ்பிரிங்கும் பசையால் ஒட்டிக் கிடக்கிறது, பிரிக்கவே முடியாது. என் தொட்டி மாதிரியே.

துணிக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. விற்காமல் நின்றுபோன துணியை, கடைக்குத் திரும்பி வந்த துணியை, போடாமலேயே அழிக்கிறார்கள். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் சொன்ன கணக்குப்படி ஐரோப்பியச் சந்தைக்கு வரும் துணிகளில் 4 முதல் 9 சதவீதம் யாரும் உடுத்தாமலேயே அழிக்கப்படுகிறது. தோராயமாக இரண்டரை லட்சத்திலிருந்து ஆறு லட்சம் டன். பிரிட்டனின் ஆடம்பர உடை பிராண்டான பர்பெரி 2017இல் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது என்பதைத் தன் ஆண்டறிக்கையிலேயே போட்டிருந்தது. ஊர் திட்டிய பிறகு நிறுத்திக்கொண்டது. மலிவு விலையில் விற்றால் பிராண்டின் மதிப்புப் போய்விடும் என்பது பெரிய கடைகளின் காரணம். ஆன்லைன் கடைகளின் காரணம் வேறு. திரும்பி வந்த பத்து யூரோ சட்டையைப் பிரித்து, பார்த்து, இஸ்திரி போட்டு, மறுபடி பாக்கெட்டில் போடுகிற கூலி சட்டையின் லாபத்தைவிட அதிகம்.

இஎஸ்பிஆர் இதைத் தடை செய்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2026 ஜூலை 19 முதல், நடுத்தர கம்பெனிகளுக்கு 2030 ஜூலை 19 முதல், விற்காத உடை, செருப்பு, உடையோடு சேர்ந்த பொருட்களை அழிக்கக் கூடாது. சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு. சேதமானது, உடல்நலத்துக்குக் கேடானது என்பது போன்ற காரணங்களுக்கும் விலக்கு உண்டு, அதன் ஓரத்தில் எத்தனை லாரி போகப்போகிறது என்று பார்க்கத்தான் போகிறோம். இருந்தாலும் புதுத் துணியை எரிப்பது தப்பு என்று ஒன்றியம் முழுவதற்குமான ஒரு சட்டம் வாயைத் திறந்து சொல்வதற்கே 2024 ஆகியிருக்கிறது.

இந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயம் டிஜிட்டல் பாஸ்போர்ட். பொருளின் மேல் ஒரு கியூஆர் கோடு, ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, எப்படிக் கழற்றுவது என்பது தெரிய வேண்டும். முதலில் வருவது பேட்டரி. தனிச் சட்டத்தின் கீழ் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சாரக் கார், மின் சைக்கிள், பெரிய தொழிற்சாலை பேட்டரிகளுக்குக் கட்டாயம். துணிக்கும் வரப்போகிறது.

இதைத் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் சித்தப்பா பையனிடம் சொன்னேன். அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய பையர்கள் இப்போதே எக்செல் ஷீட் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களாம்: நூல் எந்த மில், பஞ்சு எந்த நாடு, டையிங்கில் என்ன கெமிக்கல், ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர். இவன் ஆர்டர் எடுக்கிறான், நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் ஜாப் ஒர்க். நாலு பேரிடம் கெஞ்சித்தான் ஷீட்டை நிரப்ப வேண்டும். "டேட்டா கேக்கறாங்க அண்ணா, தப்பில்ல. ஆனா பீஸுக்கு ரெண்டு சென்ட் ஏத்திக் கேட்டா அப்ப மட்டும் பதில் வரமாட்டேங்குது" என்றான். நொய்யலைக் கெடுத்ததற்காக 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதற்கப்புறம் ஒரு சொட்டு சாயக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாற அவர்கள் பட்ட பாடும், அந்தச் செலவும் அவனுக்கு நினைவிருக்கிறது. அந்தச் செலவு சட்டையின் விலைச் சீட்டில் எங்கேயும் தெரிவதில்லை. கியூஆர் கோடில் தெரியுமா என்றால், தண்ணீர் அளவு தெரியலாம். யார் காசு கொடுத்தார்கள் என்பது தெரியாது.

மறுபடி விலையில்தான் வந்து முட்டுகிறது. இரண்டு மாதம் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஐரோப்பியச் சட்டம் திருகு, பசை, பேட்டரி, சார்ஜர் வாய் வரைக்கும் தைரியமாகக் கை வைக்கிறது. விலை என்று வந்ததும் கையை இழுத்துக்கொள்கிறது. சார்ஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா எல்லாம் யூஎஸ்பி-சி. எத்தனை வருஷம் ஆப்பிள் முரண்டு பிடித்தாலும் நடந்தே விட்டது. 2025 ஜூன் 20 முதல் புதிதாக வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரி பாகம், குறைந்தது ஐந்து வருஷம் ஓஎஸ் அப்டேட், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கின பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டும். பெட்டி மேல் ஏ முதல் ஈ வரை பழுதுபார்ப்பு மதிப்பெண். அருமையான விதிகள். ஆனால் அந்த மதிப்பெண்ணில் உதிரி பாகத்தின் விலை கணக்கில் இல்லை. உத்தேச விலையை வெப்சைட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். டிஸ்ப்ளே மாற்ற 300 யூரோ என்று நேர்மையாக எழுதிவைத்துவிட்டு 'ஏ' வாங்கலாம்.

பிரான்ஸ்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 2021 ஜனவரி முதலே அங்கே போன், லேப்டாப், டிவி, முன்கதவு வாஷிங் மெஷின், புல் வெட்டும் மெஷின் ஆகியவற்றின் மேல் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்று வைத்தார்கள். ஐந்து தலைப்பில் மதிப்பெண், அதில் ஒன்று முழுக்க முழுக்க விலை: பாகத்தின் விலை பொருளின் விலையில் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். என் ஒட்டின தொட்டி அங்கே அசிங்கப்பட்டுப் போயிருக்கும். கொடுமை என்னவென்றால், ஒன்றியத்தின் போன் லேபிள் வந்ததும் போனுக்கான பிரெஞ்சு மதிப்பெண் வழிவிட வேண்டியதாகிவிட்டது, விலையும் அதோடு போய்விட்டது.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2024இல் தனியாக ஒரு சட்டமும் வந்திருக்கிறது, நாடுகள் 2026 ஜூலை 31க்குள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் புதுசு வேண்டாம், பழுது பார்த்துக்கொடு என்று கேட்டால் உத்தரவாதம் ஒரு வருஷம் நீளும். அதற்குப் பிறகும் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், போன் மாதிரி பட்டியலில் உள்ள பொருட்களைக் கேட்டால் கம்பெனி பழுது பார்த்துத் தர வேண்டும். முன்னாடி வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. விலை? "நியாயமான விலை". பாகத்துக்கு? "பழுது பார்க்கத் தயங்க வைக்காத, நியாயமான விலை". எவ்வளவு என்று எண் இல்லை. 479 யூரோ மெஷினுக்கு 410 நியாயமா என்பதை இனி யாராவது ஒரு ஜெர்மன் நீதிபதி சொன்னால்தான் உண்டு. அந்த வழக்கைப் போடப்போகிற புண்ணியவானுக்கு என் வாழ்த்துகள், நான் போடவில்லை. பக்கத்து மாநிலமான தூரிங்கனில் 2021லேயே பழுதுச் செலவில் பாதியை, ஆளுக்கு வருஷத்துக்கு 100 யூரோ வரை, அரசே தருகிற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், பவேரியா. கொடுப்பினை இல்லை.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று கேட்டால், ஒன்றியம் பயன்படுத்தும் மொத்தப் பொருளில் மறுசுழற்சியில் வந்தது 2023இல் 11.8 சதவீதம். 2010இல் பதினொன்றுக்குச் சற்றே கீழே இருந்தது. பதிமூன்று வருஷத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம். நெதர்லாந்து மட்டும் முப்பதைத் தொட்டுக்கொண்டு தனியாக நிற்கிறது.

நெதர்லாந்து என்றதும் ரிப்பேர் கஃபே, அதாவது தன்னார்வலர்கள் கூடி, கொண்டுவருகிற பொருளைப் பழுது பார்க்க உதவுகிற இடம். மார்ட்டின போஸ்ட்மா என்ற பெண் 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் முதலில் நடத்தினார், இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் ஊரிலும் மாதம் ஒரு சனிக்கிழமை. மெஷினைத் தூக்கிப் போக முடியாது, போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, ஒட்டின கோட்டிலேயே ரம்பத்தால் தொட்டியை அறுத்து, பேரிங்கை மாற்றி, ஓரத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கி, நடுவில் சிலிகோன் பூசலாம் என்றார். இரண்டு செய்திருக்கிறாராம். "ஒன்று இன்னும் ஓடுகிறது" என்றார். மற்றது பற்றி நான் கேட்கவில்லை. மூன்றாவது மாடியில் வாடகை வீடு, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி காபி குடித்துவிட்டு வந்தேன்.

புதுசு வாங்கிவிட்டேன், ஆமாம். கடையில் தொட்டி திருகு போட்டதா ஒட்டினதா என்று கேட்டேன், அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். லேபிளில் தண்ணீர், கரண்ட், சத்தம் எல்லாம் இருக்கிறது, இது இல்லை. வீட்டுக்கு வந்து யூடியூபில் ஒவ்வொரு மாடலாக யாரோ கழற்றுகிற வீடியோவைத் தேடிப் பார்த்து, திருகு தெரிகிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். 200 யூரோ கூட. எல்லாராலும் இப்படிக் கொடுக்க முடியாது என்பதும் தெரியும்.

பழைய மெஷினைக் கடைக்காரர்கள் எடுத்துப் போவதற்கு முந்தைய ராத்திரி பம்ப், கதவுப் பூட்டு, சர்க்யூட் போர்டு மூன்றையும் கழற்றி வைத்துக்கொண்டேன். எல்லாம் நல்ல நிலைமையில் இருந்தன. இணையத்தில் விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் பாம்பெர்க்கிலிருந்து ஒருவர் பம்ப்பை வாங்க வந்தார், 15 யூரோ. அதே மாடல், அதே வருஷம். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "இப்போதெல்லாம் ஸ்பின்னில் லேசாக ஒரு சத்தம் வருகிறது, அது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டார். 1400இல் வைக்காதீர்கள், 800 போதும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று சொல்லி அனுப்பினேன்.